பள்ளிக்கூடத்துப் பானையில் நம் ஊர்த் தானியம்



நம் சங்கக் கூட்டங்களில் அரசுத் திட்டங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் ஒரே பல்லவிதான் கேட்கிறது. ரேஷனில் அரிசி விலையில்லாமல் போகிறது, அதனால் கடையில் அரிசி ஓட்டம் குறைந்தது என்கிறோம். பள்ளிக்கூடத்தில் காலையும் மதியமும் சாப்பாடு போடுகிறார்கள், அதனால் வீட்டு மளிகைச் சிட்டை சுருங்கிவிட்டது என்கிறோம். இதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் பிள்ளைகள் வயிறார உண்பதைக் கண்டு எந்த வணிகனும் முகம் சுளிக்க மாட்டான். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தப் பானைக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது? அதற்கான பணம் எந்த ஊருக்குப் போய்ச் சேருகிறது? இவ்விரண்டையும் நாம் இதுவரை கூடி உட்கார்ந்து பேசியதில்லை. அதைப் பேசுவதற்காகவே இக்கட்டுரை.

முதலில் பழைய கதையைச் சற்றுப் பார்ப்போம். பள்ளியில் மதிய உணவு என்பது நம் மாநிலத்தில் 1920இல் சென்னை மாநகராட்சியில் நீதிக்கட்சியின் தியாகராயச் செட்டியார் காலத்தில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது. காமராசர் முதல்வராக இருந்தபோது 1956இல் அது மாநிலம் முழுவதும் பரவியது. அந்த ஆரம்ப நாட்களில் ஊர்மக்கள் கொடுத்த அரிசியும் காய்கறியும் விறகும்தான் மூலதனம். வசதியுள்ள விவசாயி ஒரு மூட்டை நெல் கொடுப்பார், கடைக்காரர் பருப்பும் மிளகாயும் கொடுப்பார். ஊர் கூடி அடுப்பு மூட்டிய காலம் அது. 1961க்குப் பிறகு கேர் நிறுவனத்தின் மூலம் அமெரிக்காவிலிருந்து மக்காச்சோள ரவையும் எண்ணெயும் பால் பவுடரும் கப்பலில் வந்து இறங்கின. அந்த மஞ்சள் உப்புமாவின் வாசனையை இன்று அறுபது வயதைக் கடந்த நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். பிறகு 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாகுறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். செலவை அரசே ஏற்றது. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. மறு ஆண்டு ஆகஸ்ட் 25இல் திருக்குவளையிலிருந்து அது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 2024இல் கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025இல் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது.

ஆக, ஊர்ச் சரக்கில் தொடங்கி, கப்பல் சரக்குக்குப் போய், இன்று அரசுச் சரக்கில் நிற்கிறோம். நாம் கேட்பதெல்லாம், அந்த அரசுச் சரக்கில் ஒரு பங்காவது மறுபடியும் ஊர்ச் சரக்காக இருக்கக் கூடாதா என்பதுதான்.

சரக்கு வரும் வழி

அரிசியைப் பொறுத்தவரை நமக்குப் பெரிய குறை இல்லை. நம் பகுதி நெல் நேரடிக் கொள்முதல் நிலையங்களில் எடை போட்டு, நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் வழியாக அரைபட்டு, எங்கோ ஒரு மாவட்டத்துப் பிள்ளையின் தட்டுக்குப் போகிறது. விவசாயிக்கு விலை தெரியும், வாங்குபவர் யாரென்றும் தெரியும். மற்ற சரக்குகளைப் பாருங்கள். சாம்பாருக்குத் துவரம்பருப்பு பெரும்பகுதி மகாராஷ்டிரம், கர்நாடகத்தின் கலபுரகி வட்டாரம், பர்மா, ஆப்பிரிக்கா என்று வெளியிலிருந்தே தமிழ்நாட்டுக்கு வருகிறது. காலை உணவில் உப்புமாவும் கிச்சடியும் முக்கியம். ரவை, சேமியா எல்லாம் கோதுமைச் சரக்கு. கோதுமை நம் மண்ணில் விளைவதில்லை. வடக்கே விளைந்து, ரயிலேறி வந்து, மாவு ஆலைகளில் ரவையாகி, லாரியேறி நம் ஊருக்கு வருகிறது.

இத்தனைக்கும் நம் பகுதியில் விளைச்சலுக்குப் பஞ்சமா? உளுந்தூர்பேட்டை என்ற பெயரிலேயே உளுந்து இருக்கிறது. மிளகு மூட்டையோடு வந்த வணிகர் ஒருவர், கேட்டவருக்குக் கொடுக்க மனமில்லாமல் இது உளுந்து என்று சொல்ல, அவ்வளவும் உளுந்தாகிவிட்டது என்று உளுந்தாண்டார் கோயில் கதை சொல்வார்கள். (வணிகர் பொய் சொல்லக் கூடாது என்பதற்கும் அந்தக் கதைதான் சாட்சி!) அங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருவத்துக்கு ஏற்ப உளுந்தும் மணிலாவும் எள்ளும் கம்பும் வந்து குவிவதை நாம் அனைவரும் அறிவோம். திருநாவலூரைச் சுற்றியுள்ள கெடிலக்கரை ஊர்களில் நெல்லறுத்த பின் பயறும் உளுந்தும் விதைப்பார்கள். மேற்கே கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கம் மக்காச்சோளம். அதற்கும் மேற்கே கல்வராயன் மலையில் சாமை, தினை, கேழ்வரகு. இத்தனையும் நம் ஒரே மாவட்டத்துக்குள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதைதான் நம்முடையது.

முட்டை காட்டும் பாடம்

பள்ளி உணவினால் விவசாயிக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு நாம் முட்டையைக் காட்டுவோம். 1989இல் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்தார்கள். அது படிப்படியாக உயர்ந்து 2010இல் வாரம் ஐந்து முட்டை என்று ஆனது. நாமக்கல் கோழிப்பண்ணைகள் வளர்ந்ததற்குக் கேரளச் சந்தை, ஏற்றுமதி என்று பல காரணங்கள் உண்டு. என்றாலும் பள்ளி நாள்தோறும் தவறாமல் இத்தனை முட்டை வேண்டும் என்று ஒருவர் நிரந்தரமாக நிற்பது பண்ணைக்காரருக்கு எவ்வளவு பெரிய தைரியம்! கோழிக்குத் தீவனம் மக்காச்சோளம். அந்த மக்காச்சோளம் நம் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்தும் போகிறது. ஒரு காலத்தில் நம் பிள்ளைகளுக்கு அமெரிக்க மக்காச்சோளம் வந்தது. இன்று நம் மக்காச்சோளம் முட்டையாகி அவர்கள் தட்டுக்கு வருகிறது. பள்ளி உணவு உள்ளூர் விவசாயத்தைத் தாங்குமா என்று இனியும் சந்தேகப்பட வேண்டியதில்லை. நம் கண்முன்னே ஒரு பயிரைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த ஒன்றைப் பலவாக்குவது எப்படி என்பதே கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நாம் வியாபாரிகள். கணக்கில்லாமல் எதையும் நம்ப மாட்டோம். காலை உணவுக்கு ஒரு பிள்ளைக்கு 50 கிராம் தானியம், சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு என்று அளவு வைத்திருக்கிறார்கள். 2022இல் வந்த அரசாணையிலேயே, வாரத்தில் இரண்டு நாளாவது அந்தந்தப் பகுதியில் விளையும் சிறுதானியத்தைக் கொண்டு சமைக்கலாம் என்று வழி திறந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் நம் கண்ணில் படுகிற அளவில் ரவையும் சேமியாவும்தான் முன்னே நிற்கின்றன.

ஓர் ஒன்றியத்தில் 5,000 பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 250 கிலோ. வாரம் இரண்டு நாளுக்கு 500 கிலோ. பள்ளி நடக்கும் 40 வாரத்துக்கு 20,000 கிலோ, அதாவது 20 டன். இரண்டு லாரிச் சரக்கு! ஒரு வருடத்துக்கு இரண்டு லாரி என்றால் மண்டிக்காரருக்கு ஒரு பொருட்டா என்று கேட்கலாம். மலையில் இருக்கும் விவசாயி பக்கமிருந்து பாருங்கள். 100 கிலோ சாமையை உமி நீக்கினால் 60 முதல் 65 கிலோ அரிசி கிடைக்கும். 20 டன் சாமை அரிசிக்கு ஏறக்குறைய 32 டன் சாமை வேண்டும். மானாவாரியில் ஏக்கருக்கு நான்கு குவிண்டால் என்று வைத்தால் 80 ஏக்கர் வெள்ளாமை. நம் மாவட்டத்தில் ஒன்பது ஒன்றியங்கள். எல்லாவற்றிலும் இதே கணக்கு என்றால் 720 ஏக்கர். மலைச்சரிவில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்கள் எத்தனை பேருக்கு அது நிச்சயமான விற்பனை என்று எண்ணிப் பாருங்கள். மதிய உணவில் ஒரு நாள் சேர்த்தால் கணக்கு இன்னும் ஏறும்.

இன்று அந்த விவசாயியின் நிலை என்ன? கேழ்வரகுக்கும் கம்புக்கும் மத்திய அரசு ஆதரவு விலை அறிவிக்கிறது. சாமைக்கு அது கிடையாது. அறுவடை முடிந்த கையோடு களத்துக்கு வருகிறவர் சொன்ன விலைதான் விலை. தமிழ்நாட்டு மலைகளில் விளையும் சாமை சேலம், தருமபுரிப் பக்கத்து ஆலைகளுக்கும், மகாராஷ்டிரத்தின் நாசிக் வரைக்கும் போய், உமி நீங்கி, பளபளப்பான பையில் நகரத்துக் கடைக்கு வருகிறது. விளைவித்தவருக்குக் கிடைத்ததற்கும் வாங்குபவர் கொடுப்பதற்கும் நடுவே உள்ள தூரத்தை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விலை நிச்சயமில்லாத பயிரை யார் விதைப்பார்? சாமை நிலம் மரவள்ளிக்கும் மக்காச்சோளத்துக்கும் மாறுகிறது. விதையே கைவிட்டுப் போனால் பிறகு எந்த அரசாணையாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

மற்ற இடங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். நம் மாநிலத்திலேயே 2023இல் தருமபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கி, அதற்காக விவசாயிகளிடம் ஆதரவு விலையில் கொள்முதல் செய்தார்கள். ஒடிசாவில் 2017இல் தொடங்கிய சிறுதானிய இயக்கம் மலைமக்களிடம் கேழ்வரகு வாங்கியது. கியோஞ்சர் மாவட்டத்தில் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குக் கேழ்வரகு லட்டு கொடுத்தார்கள். சத்தீஸ்கர் மாநிலம் 2021இல் வரகுக்கும் சாமைக்கும் தானே விலை அறிவித்து வாங்கியது.

கடல் கடந்து பிரேசில் நாட்டைப் பார்த்தால் இன்னும் தெளிவு பிறக்கும். அங்கே சுமார் நான்கு கோடிப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் உணவு. அதற்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்தைச் சிறு விவசாயக் குடும்பங்களிடம் வாங்கியே செலவழிக்க வேண்டும் என்று 2009இல் சட்டம் போட்டார்கள். பெரிய கம்பெனிகளோடு டெண்டரில் மோத அந்த விவசாயியால் முடியாது என்பதால், உள்ளூர்ச் சந்தை விலையை ஒட்டி முன்கூட்டியே விலை வைத்து, இன்ன காய், இன்ன தானியம், இவ்வளவு வேண்டும் என்று அறிவிப்புச் செய்து வாங்குகிறார்கள். அந்த 30ஐ 45 ஆக உயர்த்தவும் 2025இல் சட்டம் செய்தார்கள். ஆண்டுகள் பல ஓடியும் குறைக்காமல் கூட்டினார்கள் என்றால், அதில் பலன் இருப்பதால்தானே?

வணிகன் எங்கே நிற்பது?

இங்கேதான் நம் நண்பர்கள் சிலர் முணுமுணுக்கிறார்கள். "விவசாயியிடம் அரசே நேராக வாங்கினால், உழவர் உற்பத்தியாளர் கம்பெனி நேராகக் கொடுத்தால், நம் கமிஷன் என்னாவது? நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதா?" என்கிறார்கள். நேர்மையாகப் பதில் சொல்வோம். ஒரு பகுதிச் சரக்கில் நம் கமிஷன் போகத்தான் செய்யும். அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் அந்தச் சரக்கு இன்று நம் கையில் இருக்கிறதா? மாநிலம் தழுவிய டெண்டர் என்றால் அதன் அருகில் போய் நிற்கவாவது நம் ஊர் வியாபாரிக்கு இயலுமா? இல்லாத கமிஷனுக்காக அழுவது வீண். அந்த 720 ஏக்கர்க்காரர் கையில் நாலு காசு நின்றால் அவர் துணி எடுப்பது நம் கடைவீதியில். உரம், விதை, இரும்புச் சாமான், மளிகை வாங்குவது நம் கடைவீதியில். பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் சீர் வாங்குவதும் இங்கேதான். கலபுரகிப் பருப்புக்குப் போகிற பணம் கலபுரகிக் கடைவீதியில்தான் சுற்றும். வெள்ளிமலைச் சாமைக்குப் போகிற பணம் கச்சிராயபாளையத்திலும் கள்ளக்குறிச்சியிலும் சுற்றும். உளுந்து, பயறுக்குப் போகிற பணம் திருநாவலூரிலும் உளுந்தூர்பேட்டையிலும் சுற்றும்.

மேலும், வணிகன் இல்லாமல் இந்தக் காரியம் நடக்காது என்பதும் உண்மை. திருநாவலூரில் பிறந்த சுந்தரமூர்த்தி நாயனாரின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி வரும். குண்டையூர்க் கிழார் என்னும் பெருமகனார் அவருக்கு நெல்லும் பருப்பும் அனுப்பி வந்தார். மழை பொய்த்துத் தடைப்பட்டபோது இறைவன் அருளால் குண்டையூரில் நெல் மலைபோல் குவிந்தது. அவ்வளவு நெல்லையும் திருவாரூருக்குக் கொண்டு சேர்க்க ஆள் இல்லை. சுந்தரர் பக்கத்திலுள்ள திருக்கோளிலிக்குப் போய், சுமந்து செல்ல ஆள் வேண்டும் என்றுதான் இறைவனிடம் வேண்டினார். அந்தத் திருக்கோளிலிதான் இன்றைய திருக்குவளை. காலை உணவு மாநிலமெங்கும் விரிந்த அதே ஊர்! தானியம் கிடைப்பது ஒன்று, அதை அடுப்படிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மற்றொன்று என்பது நம் ஊர் நாயனார் காலத்திலேயே தெரிந்த சங்கதி.

சாமை ஆடியில் விதைத்துக் கார்த்திகை, மார்கழியில் வீட்டுக்கு வரும். பள்ளியோ ஜூன் மாதம் திறக்கிறது. நடுவே ஆறு மாதம் அதை வாங்கி வைக்கப் பணம் வேண்டும், பூச்சி அண்டாத கிடங்கு வேண்டும். சாமையை உமியோடு வைத்தால் கெடாது. உமி நீக்கி விட்டால் நாளாக ஆகக் காறல் அடிக்கும். கம்பு மாவு சில நாட்களிலேயே கசந்துவிடும். ஆகவே மாதாமாதம் அளவாக அரைத்து, கல் பொறுக்கி, சலித்து, எடை போட்டு, ஐந்து கிலோவும் பத்து கிலோவுமாகப் பள்ளிவாரியாக அனுப்ப வேண்டும். இதெல்லாம் யாருக்குக் கைவந்த வேலை? தலைமுறையாக நாம் செய்துவரும் வேலைதானே? சரக்குக்கு உரியவர் விவசாயியாகவே இருக்கட்டும். கிடங்கு, ஆலை, வண்டி, முதலீடு ஆகியவற்றுக்கு எழுத்தில் பேசிய கூலியை நாம் பெற்றுக்கொள்வோம்.

இதில் தடைகள் இல்லாமல் இல்லை. சிறுதானியம் ரவையைவிட விலை கூடுதல். அரசு அதை ஏற்க வேண்டும், அல்லது வாரம் ஒரு நாளோடு தொடங்க வேண்டும். பிள்ளைகள் சாப்பிடுவார்களா என்பது அடுத்தது. சாமைப் பொங்கலை நெய்விட்டுச் சூடாகக் கொடுத்தால் சாப்பிடாத பிள்ளை உண்டா? ஆனால் குழைந்து ஆறிப்போனால் பெரியவர்களே தொட மாட்டார்கள். சமைக்கும் மகளிர் குழுவினருக்கு அளவும் பக்குவமும் பழக்க வேண்டும். மழை பொய்த்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் விடை வேண்டும். பக்கத்து ஒன்றியம், பக்கத்து மாவட்டம் என்ற வரிசையில் ஈடுகட்ட வேண்டியதுதான். எல்லாவற்றிலும் பெரிய தடை பட்டுவாடா. ஓர் அரசு நிறுவனத்துக்குச் சரக்குக் கொடுத்துவிட்டு, பில் பணத்துக்காக மாதக்கணக்கில் படியேறி இறங்கிய அனுபவம் எங்களுக்கும் உண்டு. நாம் தாக்குப் பிடித்துவிடுவோம். மலைக்காரரால் முடியாது. பணம் தாமதமானால் அவர் மறு வருடம் களத்துக்கு வருகிற ஆளிடமே போய்விடுவார். திட்டம் அன்றோடு முடிந்தது.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே நம் சங்கம் கீழ்க்கண்டவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றி, மாவட்ட ஆட்சியருக்கும் நம் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்ப வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று: காலை உணவிலும் சத்துணவிலும் இன்ன தானியம், இன்ன பயறு, இவ்வளவு வேண்டும் என்று மாவட்டக் கணக்கைச் சித்திரை மாதத்துக்குள் விலையோடு அறிவிக்க வேண்டும். அப்போதுதான் ஆடிப்பட்டத்துக்கு விதைப்பவர் முடிவு செய்ய முடியும்.

இரண்டு: கொள்முதல் ஒன்றியவாரியாக, சிறு அளவில், நம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களின் வழியாக நடக்க வேண்டும். எடையும் தரமும் எல்லோர் கண்முன்னும் முடிவாகட்டும்.

மூன்று: விவசாயிக்குச் சரக்கு இறங்கிய 15 நாளுக்குள் வங்கிக் கணக்கில் பணம் சேர வேண்டும்.

நான்கு: சாமை, தினைக்கு உமி நீக்கும் ஆலை மலையிலோ அடிவாரத்திலோ அமைய வேண்டும். உமியும் தவிடும் அங்கேயே மாட்டுக்குப் போகட்டும்.

ஐந்து: பொங்கலுக்குப் பாசிப்பயறு, சுண்டலுக்குத் தட்டைப்பயறு, வாரம் ஒரு நாள் உளுந்தங்கஞ்சி என்று, விளைகிற ஊருக்கு ஏற்ற மாதிரி உணவுப் பட்டியலை மாற்றிக்கொள்ள மாவட்டத்துக்கு உரிமை வேண்டும். காய்கறி, கீரை நாள்சரக்கு. அதைச் சுற்றுவட்டாரத் தோட்டத்தில் வாங்கச் சமையலருக்குக் கட்டுப்படியாகும் தொகை தந்தாலே போதும்.

கேட்பதோடு கொடுக்கவும் வேண்டும். பிள்ளைகள் சாப்பிடும் சரக்கில் கலப்படம் செய்பவர், எடையில் கை வைப்பவர் யாராக இருந்தாலும் சங்கமே முன்வந்து விலக்கும் என்று நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமம் இல்லாத கிடங்கில் ஒரு மூட்டைகூட இறங்காது என்றும் சொல்ல வேண்டும். அந்த வாக்கு நம்மிடமிருந்து வந்தால்தான் நம் கோரிக்கைக்கு எடை இருக்கும். வியாபாரியைக் கண்டாலே சந்தேகப்படுகிற அதிகாரிக்கும் அதுவே பதில்.

காமராசர் காலத்தில் நம் தகப்பன்மார் கேட்காமலே மூட்டை கொடுத்தார்கள். இன்று யாரும் நம்மிடம் தானம் கேட்கவில்லை. நம் ஊர் விளைச்சல் நம் ஊர்ப் பிள்ளைகளின் தட்டுக்குப் போகிற வழியில் முட்டுக்கட்டையாக நில்லாமல், தோள் கொடுத்தால் போதும். அடுத்த மாதப் பொதுக்குழுவில் இது விவாதத்துக்கு வரும்போது, உறுப்பினர்கள் தத்தம் கருத்தைத் தயக்கமின்றிச் சொல்ல வேண்டும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கணக்கோடு வாருங்கள், பேசுவோம். ஆடி பிறப்பதற்குள் முடிவெடுத்தால் இந்த வருடமே ஒரு ஒன்றியத்திலாவது தொடங்கிப் பார்க்கலாம்.